லீவு கிடைக்காத வருஷம்

ஷார்ஜாவில் நாங்கள் இருந்த காலத்தில் லீவை ஓய்வு என்று நினைத்தவர் யாரும் இல்லை. லீவு என்றால் ஊர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனி டிக்கெட் கொடுக்கும். அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, மேலே கொட்டை எழுத்தில் பேரும் ஊரும் எழுதி, திருச்சியில் போய் இறங்க வேண்டும். அதன் பிறகு அந்த முப்பது நாள் நம்முடையது அல்ல. எந்த வீட்டில் மதியச் சாப்பாடு, எந்த டாக்டர், எந்தக் கோயில் என்று எல்லாவற்றையும் வேறு யாராவது முடிவு செய்து வைத்திருப்பார்கள். எங்களுக்கு முடிவு செய்தவர் என் கணவரின் அக்கா, அதாவது என் பெரிய நாத்தனார். பரமக்குடிக்குப் பக்கத்தில், மாமனார் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தார். அமைச்சர் வருகைக்குக் கலெக்டர் ஆபீஸில் போடுவது போல அவர் எங்கள் லீவுக்கு நிகழ்ச்சி நிரல் போடுவார்.

டாக்டரும் கோயிலும் எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் குழந்தை இல்லை. ஷார்ஜாவில் அது எங்கள் இரண்டு பேர் விஷயம். ஊரில் அது ரேஷன் கடை மாதிரி பொது விஷயம். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர்கூட முழம் போட்டுக்கொண்டே கேட்பார். கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் கஷ்டம். கெட்டவர்களாக இருந்தால் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். போன லீவில் நாத்தனார் என்னை ஒரு வேப்பமரத்துக்கு அழைத்துப்போய்த் தொட்டில் கட்ட வைத்தார், மறுநாள் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போய்க் கசப்பாக ஏதோ குடிக்க வைத்தார், அதற்கு மறுநாள் ஒரு வளைகாப்புக்குக் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். ஷார்ஜா ஏர்போர்ட்டில் திரும்பி வந்து இறங்கியபோது, அந்தச் சூடான காற்று முகத்தில் அடித்ததும் எனக்கு அழுகை வந்தது. அது நிம்மதியில் வந்த அழுகை.

ஊரில் என்னை ஒரு தடவைகூட அந்தக் கேள்வி கேட்காதவர் என் மாமனார் மட்டும்தான். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனார் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதிக்கும் மேற்பட்ட வருஷங்கள் ஒரே ரூட், மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில். வாழ்நாள் முழுக்கப் பயணம் செய்தும் புதிதாக ஓர் ஊரைப் பார்க்காத மனிதர். அதிகம் பேச மாட்டார். என்னை ‘ஆத்தா’ என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

மூன்றாவது லீவு நெருங்கியபோது நான் என் கணவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். இந்த முறை நான் வரவில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. ஏசி டக்ட் செய்யும் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர் அவர், எதையும் இரண்டு முறை அளந்துவிட்டுத்தான் பேசுவார். ஒரு வாரம் கழித்து ஒரு வண்ணப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். அவர் ஆபீஸில் சைப்ரஸ் நாட்டு இன்ஜினியர் ஒருவர் இருந்தார். அந்த இன்ஜினியரின் பெரியம்மா, மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் பழைய கல்வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறாராம். விசாவுக்கும் உதவி செய்கிறேன் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். புத்தகத்தில் அந்த வட்டாரத்தில் பார்க்க வேண்டியவை என்று ஒரு பக்கம், செய்ய வேண்டியவை என்று ஒரு பக்கம். செய்ய வேண்டியவற்றில் டாக்டரும் இல்லை, தொட்டிலும் இல்லை. போகலாம் என்றேன்.

ஊருக்கு என்ன சொல்வது? அதை அவரே பார்த்துக்கொண்டார். ஒரு சாயங்காலம் போன் போட்டு, கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை, அடுத்த வருஷம்தான் என்று மாமனாரிடம் சொன்னார். மறுமுனையில், “சரிப்பா, உடம்பப் பாத்துக்கங்க” என்ற ஒரே வரிதான் வந்தது. பிறகு நாத்தனார் போனை வாங்கிக் கம்பெனியைத் திட்டோ திட்டென்று திட்டினார். அய்யா, அதாவது மாமனார், எங்களுக்காக அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்ததையும் சொன்னார். போனை வைத்துவிட்டு என் கணவர் சாப்பாடு வேண்டாம் என்றார். அப்பா என்றால் அவருக்கு உயிர். அப்பாவிடம் அவர் சொன்ன முதல் பொய் அது, தெரிந்தால் அப்பா மனசு விட்டுப்போகும் என்றார். தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்று நான் சொன்னேன்.

ஆனால் ஷார்ஜாவில் நாங்கள் குடியிருந்த ரோலாவில் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் ஓர் அறை எங்களுக்கு, மற்றது ஒரு மலையாளிக் குடும்பத்துக்கு. எதிர் ஃபிளாட்டில் கீழக்கரைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். கீழே அத்தர் கடை வைத்திருந்தார். அவர் மனைவியை நான் லாத்தா என்று கூப்பிடுவேன், அவர்கள் பக்கத்தில் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் எங்கே போனாலும் எங்கள் அறைச் சாவி லாத்தாவிடம்தான் இருக்கும். எங்கள் ஃப்ரிட்ஜில் அவர் மீனும் அவர் ஃப்ரிட்ஜில் எங்கள் தயிரும் இருக்கிற அளவுக்குப் பழக்கம்.

புதிதாக வாங்கிய சூட்கேஸை லிஃப்டிலிருந்து இழுத்து வந்தபோது லாத்தா பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. சூட்கேஸ் வந்தால் லீவு, லீவு என்றால் ஊர், இதில் கேட்க என்ன இருக்கிறது? அன்று சாயங்காலமே ஒரு பார்சலோடு வந்துவிட்டார். வளைகுடாவில் ஊருக்குப் போகிறவரிடம் பார்சல் கொடுப்பது கேட்டுச் செய்கிற காரியம் இல்லை, வாங்குவதும் மறுக்கக்கூடிய காரியம் இல்லை. லாத்தாவின் தங்கை கீழக்கரையில் பிள்ளை பெற்றிருந்தாள். பார்சலில் இரண்டு குட்டிச் சட்டை, ஒரு பால்மாவு டின், பால்புட்டி, கிலுகிலுப்பை, ஒரு சீசா அத்தர்.

“நீங்க ஒண்ணும் அலைய வேணாம். வர்ற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிச்சிட்டு தங்கச்சி மாப்பிள்ளை உங்க மாமா வீட்டுக்கே வந்து வாங்கிக்குவாக. விலாசம் சொல்லிட்டேன்” என்றார் லாத்தா.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பார்சலைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அன்று ராத்திரிக்குள் கீழக்கரைக்கும் மறுநாள் பரமக்குடிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். பார்சலை அறையில் விட்டுப் போகவும் வழியில்லை, சாவி லாத்தாவிடம். கடைசியில் என் கணவர் ஒரு திட்டம் சொன்னார். பார்சலைக் கையோடு கொண்டுபோவோம். பார்சல் மேல் தங்கை வீட்டு போன் நம்பர் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சைப்ரஸிலிருந்து கீழக்கரைக்கு ஒரு போன் போட்டு, பயணம் தள்ளிப்போய்விட்டது, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்த ஒரு போன் மட்டும் மறக்கக் கூடாது. மறந்தால், லீவே கிடைக்காத மகன் வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு முன்பின் தெரியாத மனிதர் ஒருவர் அப்பா வீட்டு வாசலில் போய் நிற்பார்.

லார்னகா ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ் அதிகாரி எங்கள் சூட்கேஸைத் திறக்கச் சொன்னார். மீசை வைத்த, சாதுவான மனிதர். மிளகாய்ப் பொடியை மோந்து பார்த்துத் தும்மினார். பிறகு லாத்தாவின் பார்சலைப் பிரித்தார். குட்டிச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், பால்புட்டியை எடுத்தார், கிலுகிலுப்பையை ஓர் ஆட்டு ஆட்டினார். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அப்புறம் நல்ல ஆங்கிலத்தில், ரொம்ப அன்பாக, குழந்தை எங்கே என்று கேட்டார்.

எந்தக் கேள்விக்குப் பயந்து கடல் கடந்து போனேனோ, அந்தத் தீவில் என்னிடம் பேசிய முதல் மனிதர் அதையே கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கணவர் பக்கத்து வீட்டுக்காரர், பார்சல், கீழக்கரை என்று விளக்க முயன்றார். கீழக்கரைக்குப் போக வேண்டிய பார்சல் சைப்ரஸுக்கு ஏன் வந்தது என்று அதிகாரி கேட்டார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டைகளை மடித்து உள்ளே வைத்து, போங்கள் என்றார்.

வாடகைக் காரை என் கணவர் ஓட்டினார். அங்கே நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான் போக வேண்டும். அவரோ ஷார்ஜாவில் நாலு முறை தோற்று ஐந்தாம் முறை லைசென்ஸ் வாங்கியவர், வலது பக்கம் தவிர வேறு தெரியாது. திரும்பும்போதெல்லாம் சிக்னலுக்குப் பதில் வைப்பரைப் போட்டார். ஜூலை மாதத்து வெயிலில், மேகமே இல்லாத வானத்தின் கீழே, வைப்பர் ஆட ஆட நாங்கள் மலை ஏறினோம்.

வீடு நன்றாக இருந்தது. கல்சுவர், நீல ஜன்னல், முற்றத்தில் பந்தல் போட்ட திராட்சைக்கொடி. பந்தலுக்குக் கீழே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. இன்ஜினியரின் பெரியம்மா கறாரானவர். சாவியைக் கொடுத்தார், குப்பையை எங்கே போடுவது என்று சொன்னார், மறுநாள் நான் மிளகாய் வறுத்து மொத்தச் சந்தும் இருமியபோது வந்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது.

முதல் இரண்டு நாள் என்ன பேசுவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஆறு வருஷத்தில் நாங்கள் தனியாக இருந்ததே இல்லை என்பது அங்கேதான் உறைத்தது. ஷார்ஜாவில் சுவருக்கு அந்தப் பக்கம் மலையாளிக் குடும்பம், ஊரில் சுவருக்கு இந்தப் பக்கமே நாத்தனார். எங்கள் பேச்செல்லாம் அவர்களைப் பற்றிய பேச்சுதான். அவர்களை எடுத்துவிட்டால் மேஜை மேல் ரொட்டியும் ஆலிவும் மட்டும் இருந்தன. ஆலிவை அவர் ஒரு கடி கடித்துவிட்டு, கெட்டுப்போன நெல்லிக்காய் என்றார். அதையே மூன்றாம் நாள் கிண்ணம் கிண்ணமாகத் தின்றார்.

பிறகு புத்தகத்தில் இருந்த இடங்களைப் பார்க்கத் தொடங்கினோம். கிராமத்துக்கு மேலே ஒரு பழைய தேவாலயம், மாட்டுத் தொழுவம் மாதிரி தாழ்ந்த ஓட்டுக்கூரை. பூட்டியிருந்தது. சாவி காப்பிக் கடையில் இருக்கும் என்றார்கள். காப்பிக் கடைக்காரர் சாவிக்காரரைக் கூப்பிட ஆள் அனுப்பினார், அவர் வந்து முதலில் ஒரு காப்பி குடித்தார், எங்களுக்கும் வாங்கிக் கொடுத்தார், அரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்தார். உள்ளே போனால் சுவரெல்லாம் ஓவியம். சிவப்பும் நீலமுமாக வரிசையாகப் புனிதர்கள், எல்லோருக்கும் பெரிய பெரிய கண்கள். வேண்டிக்கொள்ள எதுவும் இல்லாமல் ஒரு கோயிலுக்குள் நான் நின்றது அதுதான் முதல் தடவை. சும்மா பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

இன்னொரு நாள் ஒரு வீட்டில் பாலாடைக்கட்டி செய்வதைப் பார்க்கப் போனோம். அண்டாவில் ஆட்டுப்பால் காய்ந்துகொண்டிருந்தது. கட்டியை எடுத்து மடித்து நடுவில் புதினா வைத்தார்கள். சூடாக ஒரு துண்டு கொடுத்தார்கள், பல்லில் கிறீச்சிட்டது. பக்கத்து ஊரில் பெண்கள் நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்து லேஸ் பின்னினார்கள், வாயும் கையும் சேர்ந்தே ஓடின. பாதாம் பருப்பை நூலில் கோத்துத் திராட்சைச் சாற்றில் முக்கி முக்கிக் காயவைத்த ஒரு மிட்டாய், கடை வாசலில் மெழுகுவர்த்தி போலத் தொங்கியது. வழியெங்கும் ஒரு மரம், காய் அச்சு அசல் புளியங்காய், கடித்தால் கருப்பட்டி இனிப்பு. அந்த மரத்தடியில் காரை நிறுத்தி ஒரு மதியம் முழுக்கத் தூங்கினோம். ஒரு நாள் கடலுக்குப் போய் நான் சல்வாரோடு கழுத்தளவு தண்ணீரில் நின்றேன். என் கணவர் கரையில் நின்று போதும் போதும் என்று கத்தினார். போதவில்லை என்று நானும் கத்தினேன்.

பேச்சும் வந்துவிட்டது. பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து அவர் சின்ன வயதில் அப்பாவின் பஸ்ஸில் ஓசியில் போனதைச் சொன்னார். நான் கல்லூரியில் ஹாக்கி ஆடியதைச் சொன்னேன். ஆறு வருஷமாக அது அவருக்குத் தெரியாது. குழந்தையைப் பற்றியும் பேசினோம், முதல் தடவையாக யாரும் கேட்காமல், நாங்களாகவே. பிறந்தால் சந்தோஷம், பிறக்காவிட்டால் நாம் இரண்டு பேர், அதுவும் குடும்பம்தான் என்றார். இவ்வளவு சின்ன வாக்கியத்துக்கு நான் ஆறு வருஷம் காத்திருந்தேன் என்று நினைத்தபோது கோபமும் வந்தது, அந்த மனிதர் மேல் ஆசையும் வந்தது.

ஒரு நாள் காலையில் ரொட்டி வாங்கப் போன என் கணவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். கடையெல்லாம் அடைத்துக் கிடக்கிறது, இன்றைக்கு வெள்ளிக்கிழமை போல என்றார். கடை அடைத்திருந்தால் வெள்ளிக்கிழமை, வளைகுடாவில் பல வருஷம் இருந்தவர்கள் உடம்பில் ஊறின கணக்கு அது. சொன்ன வாயோடு அவர் முகம் மாறியது. போன் போடவில்லை. பரவாயில்லை, ஜும்மா முடிய நேரமிருக்கிறது, இப்போதே ஓடிப்போய்ப் போடலாம் என்று நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அப்போது மேலே தேவாலயத்தில் மணி அடித்தது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஆட்கள் மேட்டில் ஏறிப் போனார்கள். பெரியம்மாவும் கறுப்பு உடையில் போனார்.

அந்த ஊரில் கடை அடைப்பது ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். புளியங்காய் மாதிரி காய்க்கிற அந்த மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தோம்.

காப்பிக் கடை மட்டும் திறந்திருந்தது. வாசலில் அட்டை போட்டுப் பேசுகிற போன். கடைக்காரரிடம் ஓர் அட்டை வாங்கி, ரிசீவரைக் கையில் எடுத்த என் கணவர் நம்பரை அழுத்தாமல் நின்றார். என்னால முடியாது என்றார். நான்தான் வாங்கி அழுத்தினேன். மணி போய்க்கொண்டே இருந்தது. நாத்தனார் எடுத்துவிடக் கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். எடுத்தது மாமனார்.

“ஆத்தாவா?” என்றார். என் மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். நான் பேசுவதற்குள் அவரே சொன்னார், வெள்ளிக்கிழமை கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி வந்தாராம், ரொம்ப மரியாதையான பிள்ளையாம். “மகனும் மருமகளும் கோயில் கோயிலாப் போயிருக்காக, வர நாளாகும், பார்சல் எங்கயும் போகாதுன்னு சொல்லிட்டேன். காப்பி குடுத்துத்தான் அனுப்புனேன்.”

மாமா, நாங்கள் என்று ஆரம்பித்தேன்.

“எங்க இருக்கீகன்னு நான் கேக்கல” என்றார். “கேட்டா, உன் நாத்தனா கேக்கும்போது நான் சொல்ல வேண்டி வரும்.”

பின்னால் அவருடைய ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பிறகு, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார்.

“அங்க யாரும் உன்னைய ஒண்ணும் கேக்கலையில்ல?”

ஆறு வருஷம் ரேடியோவைச் சத்தமாக வைத்த மனிதர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கஸ்டம்ஸ் அதிகாரியை நினைத்துக்கொண்டு, இல்லை மாமா, இங்கே யாரும் கேட்கவில்லை என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. காப்பிக் கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

“அப்ப நல்லா இருந்துட்டு வாங்க” என்றார் மாமனார். “அவன்ட்ட சொல்லு, அடுத்த தடவ லீவு கிடைக்காதப்ப என்னையும் கூட்டிட்டுப் போகச் சொல்லு.”

நான் அதை அப்படியே என் கணவரிடம் சொன்னேன். அவர் காப்பிக் கடை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்து மேஜையில் சொக்கட்டான் மாதிரி ஏதோ ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஆட்டத்தை நிறுத்திப் பார்த்தார்கள். சிரிக்கிறார் என்று தெரிந்ததும் திரும்ப ஆட ஆரம்பித்தார்கள். மிச்சமிருந்த நாட்களில் நாங்கள் எதைப் பார்த்தாலும் இதை அய்யாவுக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஷார்ஜாவுக்குத் திரும்பியதும் நான் லாத்தாவிடம் போய் உண்மையைச் சொல்லி, பார்சலை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அவர் குட்டிச் சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“புள்ளையே இன்னும் வாசல் தாண்டல, புள்ளையோட சட்டை சீமைக்குப் போயிட்டு வந்துருச்சு” என்று சொல்லிச் சிரித்தார்.

கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். அவருக்கு இருந்த ஒரே குறை, முன்கூட்டியே சொல்லியிருந்தால் தனக்கு நாலு முழம் லேஸ் வாங்கிவரச் சொல்லியிருப்பேனே என்பதுதான். பார்சல் அடுத்த மாதம் ஊருக்குப் போன வேறொருவர் கையில் போயிற்று. சட்டை பத்தவில்லையாம். லாத்தா இந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை, அதை நான் அவரிடம் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த டிசம்பரில் மாமனாரை விசிட் விசாவில் அழைத்து வந்தோம். வேட்டி, முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் குரங்குக் குல்லா. சைப்ரஸுக்குக் கூட்டிப்போகிற வசதி அந்த வருஷம் இல்லை. அதனால் நண்பர் ஒருவரின் காரை வாங்கிக்கொண்டு கிழக்குக் கடற்கரையில் இருக்கிற புஜைரா பக்கம் போனோம். முன் சீட்டில் அவர் உட்கார்ந்தார். ஒவ்வொரு முறை நிறுத்திக் கிளம்பும்போதும் திரும்பி நான் ஏறிவிட்டேனா என்று பார்த்துவிட்டு, கதவை இரண்டு தட்டுத் தட்டி, “ரைட்” என்பார். அதைக் கேட்காமல் என் கணவர் வண்டியை எடுக்க மாட்டார்.

வழியில் மஸாஃபி என்ற ஊரின் ரோட்டோரச் சந்தையில் நிறுத்தினோம். மண் பானை, கம்பளம், பழம், செடி. ஆலிவ் விற்ற கடையில் நான் கொஞ்சம் வாங்கி அவர் கையில் வைத்தேன். கெட்டுப்போன நெல்லிக்காய் என்றார். மகனும் இதையேதான் சொன்னார் என்றேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். மலைக்கு நடுவே ஒரு பேரீச்சந்தோப்பில் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அதில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த ஊரைச் சொல்லு என்றார். திராட்சைப் பந்தல், புனிதர்களின் கண், சாவிக்காரர் குடித்த காப்பி, எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அங்கே பஸ் போகுமா என்று மட்டும் கேட்டார். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்றேன். அது போதும் என்றார்.

புஜைரா கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்டு நின்றன. அப்போது என் கணவரின் மொபைல் அடித்தது. நாத்தனார். அய்யாவிடம் கொடு என்றாராம். மாமனார் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே பாதி கேட்டது. மதுரைக்குப் புதிதாக ஒரு டாக்டர் அம்மா வந்திருக்கிறாராம், தை பிறந்ததும் பார்க்க நேரம் வாங்கியாயிற்றாம், அய்யா வரும்போது என்னையும் கையோடு அழைத்துவர வேண்டுமாம்.

“டிக்கெட் இல்லத்தா” என்றார் மாமனார், கப்பல்களைப் பார்த்துக்கொண்டே. “அவளுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. எல்லாம் ஃபுல்லாம்.”

காலமெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்த மனிதர் அதை அத்தனை சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பக்கம் திரும்பவும் ஏதோ சொன்னது. ஃபுல்லுன்னா ஃபுல்லுதான் என்று சொல்லிவிட்டு போனை மகன் கையில் கொடுத்தார். அவர் எனக்காகச் சொன்ன இரண்டாவது பொய் அது. எனக்கு என்னைப் பெற்ற அப்பா இருக்கிறார், நல்லவர்தான். ஆனாலும் அந்த நிமிஷம் இவரையும் அப்பா என்று கூப்பிட வாய் வந்தது. வழக்கம்போல மாமா என்றுதான் கூப்பிட்டேன், குளிர்கிறதா என்று கேட்டேன்.

குளிரவில்லை என்றார். கடலோரமாக வளைந்து போகிற ரோட்டைக் காட்டி, அது எங்கே போகிறது என்று கேட்டார். கோர்ஃபக்கான் போகும், அதற்கு அந்தப் பக்கம் திப்பா என்றார் என் கணவர். நாளைக்கு டூட்டி இருக்கிறது, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்றும் சொன்னார்.

மாமனார் காரில் ஏறி உட்கார்ந்து குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டார். திரும்பி, நான் ஏறிவிட்டேனா என்று பார்த்தார். பிறகு திப்பா பக்கம் கையைக் காட்டி, கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

“ரைட்.”